தேங்கும் இடமும் தடுக்கும் இடமும்

சென்னைத் துறைமுகத்தின் சரித்திரத்தைக் கல்லும் கான்கிரீட்டும் எழுந்த வரிசையில் எழுதுவதே வழக்கம். சரக்கு எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த இடத்தில் காத்துக் கிடந்தது என்ற வரிசையில் அதை எழுதிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும். துறைமுகமே இல்லாத நாட்களில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, அலை உடையும் இடத்தைக் கடந்து மசூலாப் படகுகள் சுமந்துவந்து சேர்க்கும் அளவே நகரத்து வியாபாரத்தின் எல்லையாக இருந்தது; கப்பல் எவ்வளவு பெரிதானாலும், கரையில் கிடங்குகள் எவ்வளவு விசாலமானாலும், படகுகள் அலையைக் கடக்கும் வேகத்துக்கு மேல் சரக்கு இறங்க வழியில்லை. 1861-ல் கடலுக்குள் நீண்ட இறங்குபாலம் ஒன்று அமைந்தது. 1875-ல் தொடங்கிய செயற்கைத் துறைமுகம் 1881-ம் ஆண்டுப் புயலில் சிதைந்து மறுபடியும் எழுந்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைவராக இருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயிலைத் திறந்தார். 1983-ல் கண்டெய்னர் முனையம் வந்தது. கப்பலிலிருந்து பெட்டி இறங்கும் வேகம் பெருகப் பெருக, கப்பலோரத்தில் நின்ற காத்திருப்பு யார்டுக்குப் பெயர்ந்தது. யார்டிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து சாலைக்கும் பெயர்ந்தது. காசிமேட்டை அடுத்த ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் வரையிலும் அதற்கு அப்பாலும் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்றதும், டிரைவர்கள் வண்டியோரத்திலேயே சமைத்து உண்டு வண்டியிலேயே உறங்கியதும் வடசென்னைவாசிகள் பல ஆண்டுகள் பிரத்தியட்சமாகக் கண்டவை.

இச்சரித்திரத்தை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இதே நகரத்தின் தென்பகுதியில், 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட காலம் முதல் விரைந்து வளர்ந்த மென்பொருள் தொழிலில் இன்று ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகப் பணிபுரிகிறார்கள். 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயிலில் காலை வேளையில் ஏறுகிற கூட்டத்தைக் கண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஸ்பிரிண்ட் எனப்படும் கால அளவுகளாக, சாதாரணமாக இரண்டிரண்டு வாரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு காலத் தொடக்கத்திலும் டிக்கெட் எனப்படும் வேலைத் துண்டுகளில் இன்னின்னவற்றை முடிப்போம் என்று அணி தானே நிர்ணயித்துக்கொள்ளும் முறையில் நடக்கிறது. அப்படி எடுத்த வேலை ஏன் முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்கு வழிகிறது, எந்தக் கட்டத்தில் அது இடுக்கில் சிக்கிக்கொள்கிறது, அந்த இடுக்கைக் கண்டுபிடிக்க வேலைப்போக்கு அறிக்கைகள் எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம். துறைமுகத்தில் காத்திருப்பு சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதால், அதை ஒருவரும் காணாமல் இருக்க முடியாது. மென்பொருளிலோ முடிவுபெறாத வேலைக்கு இடமும் இல்லை, எடையும் இல்லை. நாற்பது டிக்கெட்டுகள் பரிசோதனைக்குக் காத்துக் கிடந்தாலும் அலுவலகம் நேற்றிருந்தபடியே சுத்தமாக இருக்கும். ஆகவே அங்கே காத்திருப்பைக் காண அறிக்கையைத் தவிர வேறு கண் இல்லை.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பூர்விகம் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொயோட்டா தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ, பின்கட்டம் கேட்கும் அளவுக்கு மட்டுமே முன்கட்டம் உற்பத்தி செய்ய வேண்டும் என்ற நியமத்தை வகுத்து, அதற்கு அடையாளமாகக் கன்பான் என்ற அட்டைகளைப் பயன்படுத்தினார். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஓர் அமைப்பில் சராசரியாக நிலுவையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, வேலை வந்துசேரும் விகிதத்தையும் ஒவ்வொரு வேலையும் அங்கே தங்கும் சராசரிக் காலத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம் என்று நிரூபித்தார். 1984-ல் எலியாஹு கோல்ட்ராட் ஒரு நாவலின் வாயிலாக, எந்த உற்பத்தி அமைப்பின் வேகமும் அதன் மிகக் குறுகிய கட்டத்தின் வேகத்தைத் தாண்டாது என்ற கருத்தைப் பரப்பினார். 1995-ல், வேலையை ஸ்பிரிண்டுகளாகப் பகுக்கும் ஸ்க்ரம் என்ற முறையைக் கென் ஷ்வாபரும் ஜெஃப் ஸதர்லாண்டும் ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். 2001-ல் பதினேழு மென்பொருளாளர்கள் யூடா மாநிலத்து மலைவிடுதியில் கூடி, அஜைல் என்ற நெகிழ்வான வேலைமுறையின் பிரகடனத்தை வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் பிறந்த எண்ணங்களும் மென்பொருளில் பிறந்த எண்ணங்களும் ஒன்றோடொன்று பரவலாகக் கலந்தது அதற்குப் பிறகுதான்.

அறிக்கைகளின் மூலப்பொருள் மிக எளியது. ஒவ்வொரு டிக்கெட்டும் போர்டு எனப்படும் வேலைப் பலகையில் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு, அதாவது தொடங்க வேண்டியதிலிருந்து செய்யப்படுவதற்கும், அதிலிருந்து கோடு ரிவ்யூவுக்கும், டெஸ்டிங்குக்கும், முடிவுக்கும் பெயர்கிற தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகின்றன; மற்ற எல்லாப் படங்களும் இந்த நேரங்களிலிருந்து பிறப்பவையே. அவற்றில் க்யூமுலேட்டிவ் ஃப்ளோ டயகிராம் என்று அணியினர் சொல்லும் படத்தையே முதலாவதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதில் நாட்கள் கிடையாகவும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கை நிமிர்ந்தும் செல்ல, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறப்பட்டை மேலேறிக்கொண்டே போகிறது. ஒரு பட்டை எந்த நாளில் எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு டிக்கெட்டுகள் அன்று அந்த நிலையில் தங்கியிருக்கின்றன. பட்டையின் கிடையகலம் ஏறக்குறைய அங்கே ஒரு டிக்கெட் தங்கும் காலத்தைக் காட்டுகிறது. எல்லாப் பட்டைகளும் ஒரே சீராக ஏறினால் வேலை ஓடுகிறது. ஏதேனும் ஒரு பட்டை நாளுக்கு நாள் பருக்குமானால் அங்கே வேலை வந்து சேர்வது, அங்கிருந்து போவதைக் காட்டிலும் அதிகம்.

இங்கேதான் பெரும்பாலான அணிகள் வழி தவறுகின்றன. டெஸ்டிங் பட்டை பருத்திருப்பதைக் கண்டவுடன் டெஸ்டர்கள் மந்தமாக இருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். வரிசை எங்கே நிற்கிறது என்று அறிக்கை சொல்லும். அதை நிறுத்திவைத்தது எது என்பதைச் சொல்லாது. திருவொற்றியூரில் நிற்கும் டிரெய்லருக்குத் திருவொற்றியூரில் ஒரு தடையும் இல்லை. அது நிற்பதற்குக் காரணம் கேட்டில் ஆவணங்களைச் சரிபார்க்கும் முறையாக இருக்கலாம், பெட்டியின் முத்திரையைப் பரிசோதிக்க ஆகும் நேரமாக இருக்கலாம், உள்ளே யார்டில் இடமில்லாமையாக இருக்கலாம், வண்டி புறப்படும்போதே காகிதங்கள் பூர்த்தியாகாததாகவும் இருக்கலாம். அவ்வாறே டெஸ்டிங்கில் வேலை குவிவதற்கு, பரிசோதனைக்கென்று ஒரேயொரு சர்வர் இருப்பதும், டெவலப்பர்கள் எட்டு நாள் ஒன்றையும் அனுப்பாமல் ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் ஒருசேர அனுப்புவதும், எது சரியான விடை என்று சொல்ல வேண்டிய வாடிக்கையாளர் தரப்பு மௌனமாக இருப்பதும் சமமான சாத்தியங்கள். படத்தைப் பார்த்த பிறகு, அந்த வரிசையில் கிடக்கும் டிக்கெட்டுகளில் நான்கைந்தைத் திறந்து, ஒவ்வொன்றும் யாருக்காக, எதற்காகக் காத்திருந்தது என்று வாசிக்கும் சிரமத்தை ஏற்காதவர் அறிக்கையைப் பயன்படுத்தியவர் ஆகமாட்டார்.

இவ்வகை விசாரணையை மிகப் பொறுமையாகச் செய்துவரும் அலுவலகம் ஒன்று வடசென்னையிலேயே இருக்கிறது. உலகச் சுங்க அமைப்பு வகுத்துத் தந்த விடுவிப்புக் கால ஆய்வு என்ற முறையை இந்தியச் சுங்கத் துறை நாடு தழுவிய அளவில் நடத்திவருகிறது. ராஜாஜி சாலையிலுள்ள சுங்க மாளிகையும் அதில் அடங்கும். இறக்குமதிச் சரக்கு வந்து சேர்ந்தது முதல், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரத்தின் தாக்கல், தீர்வை நிர்ணயம், தீர்வை செலுத்துதல், பரிசோதனை, இறுதி விடுவிப்பு ஆணை வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சென்ற மணிநேரத்தை அது தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. தாமதம் என்றால் அதிகாரிகளின் மேஜைமேல்தான் என்பது பொதுஜனங்களின் நெடுநாள் நம்பிக்கை. ஆனால் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது, இறக்குமதியாளர் பில்லைத் தாமதமாகத் தாக்கல் செய்வதும், தீர்வை நிர்ணயமான பிறகு பணம் கட்டாமல் நாட்களைக் கடத்துவதும் பெரும்பங்கு வகிப்பது புலப்பட்டது. கப்பல் வருமுன்பே பில் தாக்கல் செய்வதை வற்புறுத்தும் கொள்கைக்கு இந்த அளவீடுகள் பலம் தந்தன. மொத்தக் காலத்தை மட்டும் அளந்திருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிராது என்பதைக் கவனிக்க வேண்டும். அளவுகோல், கட்டங்களுக்கு இடையிலுள்ள சும்மா இருக்கும் நேரத்தையும் அளந்ததால்தான் வெளிப்பட்டது.

மென்பொருளில் இதற்கு இணையான நிகழ்ச்சி, பலரும் அறிந்ததைக் காட்டிலும் நமக்கு மிக அருகில் நடந்தது. மைக்ரோஸாப்ட் நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கான மென்பொருள்களைப் பராமரிக்கும் குழு ஒன்று, டெவலப்பர்களையும் டெஸ்டர்களையும் ஹைதராபாத்தில் வைத்துக்கொண்டு இயங்கிற்று. கேட்ட திருத்தம் கைக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகிறதென்று அதன்மேல் எல்லோருக்கும் அதிருப்தி. 2004-ல் அதன் பொறுப்பை ஏற்ற டிராகோஸ் டுமித்ரியு, டேவிட் ஆண்டர்ஸன் என்பவரின் ஆலோசனையோடு வேலை போகும் வழியைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தார். வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று உடனுக்குடன் மதிப்பீடு தர வேண்டிய கடமை அந்தக் குழுவுக்கு இருந்தது. அந்த மதிப்பீடுகள் அவர்களுடைய சக்தியில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் விழுங்கிக்கொண்டிருந்தன. மதிப்பிடப்பட்ட கோரிக்கைகளில் பல, பின்னர் செய்யப்படவே இல்லை. மதிப்பீடு நிறுத்தப்பட்டது. ஒரே சமயத்தில் கையிலிருக்கும் வேலைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஓர் இடம் காலியானால் மட்டும், அடுத்து எடுக்க வேண்டிய கோரிக்கை எது என்பதைக் கோரிக்கை வைத்தவர்களே தங்களுக்குள் கூடித் தீர்மானித்தார்கள். ஓராண்டுக்குள் அந்த ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கிற்று. அந்தக் குழுவினர் முன்னைவிடக் கடுமையாக உழைத்ததால் இது நேரவில்லை. முன்பும் அவர்கள் நாள் முழுதும் உழைத்தவர்களே. அந்த உழைப்பு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தச் சம்பவத்தில் மற்றொரு நுட்பம் அடங்கியிருக்கிறது. கடிகாரத்தை எங்கே தொடங்குவது? டெவலப்பர் கையில் எடுத்த கணத்திலிருந்து எண்ணினால் அந்தக் குழுவின் காலம் சிறியதாகவே தோன்றியிருக்கும். கேட்டவர் கேட்ட நாளிலிருந்து எண்ணியபோதுதான் ஐந்து மாதம் தெரிந்தது. கண்டெய்னர் முனையங்கள் டிரெய்லரின் சுற்றுக்காலத்தைக் கேட்டினுள் நுழைந்த நேரம் முதல் வெளியேறிய நேரம் வரை கணக்கிடுவது சாதாரண வழக்கம். அந்தக் கணக்கு உண்மையானதே, யார்டின் திறமையை அறிய அது அவசியமும்கூட. ஆயினும் கேட்டுக்கு வெளியே நின்ற இரவுகள் அதில் சேர்வதில்லை. வரிசையில் நின்ற டிரைவருக்கு இரண்டும் ஒரே பயணந்தான். பேக்லாக் என்னும் நிலுவைப் பட்டியலில் மாதக்கணக்கில் கிடந்த பின்பு ஸ்பிரிண்டில் மூன்றே நாளில் முடிந்த டிக்கெட்டைக் காட்டி, எங்கள் வேகம் மூன்று நாள் என்று ஓர் அணி எழுதும்போது, கேட்டவருடைய அனுபவம் அந்த அறிக்கையில் இடம்பெறவில்லை. இது வஞ்சகம் என்று நான் கருதவில்லை. கடிகாரத்தைத் தமக்குத் தெரிகிற இடத்தில் தொடங்குவது மனித இயல்பு. ஆனால் அறிக்கையின் முதல் வரியிலேயே அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைக்கும் நியமத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.

சராசரியைக் குறித்தும் ஒரு வார்த்தை. பத்து டிக்கெட்டுகளில் ஒன்பது இரண்டிரண்டு நாளில் முடிந்து ஒன்று மட்டும் இருபத்திரண்டு நாள் இழுத்தால் சராசரி நான்கு நாள். நான்கு நாள் எடுத்த டிக்கெட் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த ஒற்றை டிக்கெட்டின் கதையில்தான் இடுக்கு ஒளிந்திருக்கிறது. சராசரி அதைக் கரைத்துவிடுகிறது. அன்றியும், முடிந்த வேலைகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இன்னும் முடியாதவை எவ்வளவு பழையனவானாலும் தலைகாட்டா. ஆகையால், கையிலுள்ள ஒவ்வொரு டிக்கெட்டும் இன்றோடு எத்தனை நாள் வயதாயிற்று என்று காட்டும் பட்டியலைத் தினமும் காலையில் பார்ப்பது, ஸ்பிரிண்ட் முடிந்தபின் வரும் பத்துப் படங்களைக் காட்டிலும் அதிக நன்மை தரும்.

எல்லோரையும் எந்நேரமும் வேலையில் ஈடுபடுத்திவைப்பதே நிர்வாகத் திறமை என்ற எண்ணம் தொழிற்சாலைகளிலிருந்து வந்து இன்னும் நீங்காமல் இருக்கிறது. வரிசைக் கணிதம் இதை மறுக்கிறது. ஒருவரே சேவை செய்ய, வேலை வருவதும் முடிவதும் ஒழுங்கின்றி நிகழும் மிக எளிய உதாரணத்தில், அவருடைய நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு நிரம்பியிருந்தால் சராசரியாக 4 வேலைகள் அவரிடம் தங்கியிருக்கும். 90 பங்கானால் 9. 95 பங்கானால் 19. கடைசி ஐந்து பங்கு உழைப்பைப் பிழிந்தெடுப்பதற்கு வரிசை இரட்டிப்புக்கு மேல் நீள்கிறது. யார்டில் கொள்ளளவு முழுவதையும் பெட்டிகளால் நிரப்பினால், அடியிலிருக்கும் பெட்டியை எடுக்க மேலுள்ளவற்றை இடம் மாற்றிவைக்கவும் இடமிராது என்பதைத் துறைமுகத்தார் அனுபவத்தில் அறிவார்கள். பன்னிரண்டு டிக்கெட்டுகளைக் கையில் வைத்து நாளைக்கு மூன்று முடிக்கும் அணியில் ஒரு டிக்கெட் சராசரி நான்கு நாள் தங்கும். உற்சாக மிகுதியால் இருபத்துநான்கைத் தொடங்கி அதே மூன்றை முடித்தால் எட்டு நாள் தங்கும். லிட்டில் நிரூபித்த சமன்பாடு இவ்வளவே சொல்கிறது. ஆயினும் ஸ்பிரிண்டின் முதல் நாளில் எல்லோரும் எல்லாவற்றையும் தொடங்கிவிடும் பழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது.

அறிக்கைகளில் எதை நம்புவது என்பதில் மென்பொருளார் ஒருமுகமாக இல்லை. ஸ்க்ரம் மரபினர், ஒரு ஸ்பிரிண்டில் முடிந்த வேலையின் அளவான வெலாசிட்டியையும், மீதி வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் பர்ன்டவுனையும் போற்றுகிறார்கள். கன்பான் மரபினர் காத்திருக்கும் காலத்தையும் கையிருப்பு வேலையையும் அளக்கச் சொல்கிறார்கள். நிக்கோல் ஃபார்ஸ்கிரனும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட நூலுக்குப் பின், மாற்றம் உபயோகத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு விரைவில் போய்ச் சேர்கிறது, எத்தனை தடவை பழுதாகிறது, பழுது எவ்வளவு நேரத்தில் சீராகிறது என்ற நான்கு அளவுகளைப் பின்பற்றுவோரும் பெருகியிருக்கிறார்கள். எண்களையே சந்தேகிப்போரும் உண்டு: கண்டெய்னர்கள் பெரும்பாலும் இருபதடி அல்லது நாற்பதடி என்ற இரண்டு அளவில் வருபவை, டிக்கெட்டுகளோ ஒன்று எழுத்துப் பிழைத் திருத்தம், மற்றொன்று புதிய சிந்தனை, இரண்டையும் ஒரே படத்தில் புள்ளிகளாக்குவது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு என் சமாதானம், வேலை செய்யும் நேரம் டிக்கெட்டுக்கு டிக்கெட் வேறுபட்டாலும், காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் அதன் பருமனைப் பொறுத்ததன்று என்பதே. எழுத்துப் பிழைத் திருத்தமும் புதிய சிந்தனையும் ரிவ்யூ செய்ய ஆளில்லாமல் ஒரே அளவு நாட்கள் கிடக்கின்றன. ஆகவே வேலையின் பருமனை ஸ்டோரி பாயிண்டுகள் என்ற உத்தேசப் புள்ளிகளில் அளக்க முனையும் வெலாசிட்டியைவிட, காத்திருப்பை அளக்கும் அறிக்கைகளுக்கே இடுக்கைக் கண்டறியும் காரியத்தில் நான் முதலிடம் தருவேன். பர்ன்டவுன் கோடு பன்னிரண்டு நாள் சமமாகச் சென்று கடைசி இரண்டு நாளில் செங்குத்தாக விழுந்தால், எங்கேயோ வேலை மொத்தமாகத் தேங்குகிறது என்ற எச்சரிக்கையை அது தரும். எங்கே என்று தராது.

இவையனைத்தும் பதிவு மெய்யாக இருக்கும்வரைதான். துறைமுகங்களில் கண்டெய்னர்களின் மேல் ரேடியோ அடையாளத் துண்டு பொருத்தி, அவை கடக்கும் இடங்களைத் தாமாகவே பதிவுசெய்யும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற ஏற்பாடு 2016-ல் மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிப் பின்னர் தென்னகத் துறைமுகங்களுக்கும் பரவிற்று; எந்தப் பெட்டி எந்த முனையத்தில் எவ்வளவு நேரம் தங்கிற்று என்பது அதனால் ஒருவருடைய வாய்மொழியையும் சாராமல் தெரிகிறது. டிக்கெட்டை நகர்த்துவதோ மனிதர்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருசேர எல்லாவற்றையும் நகர்த்தும் அணியின் அறிக்கை வெள்ளிக்கிழமைகளைத் தவிர வேறொன்றையும் காட்டாது. அதனினும் பெரிய அபாயம் பயம். அறிக்கையிலுள்ள எண்ணைக் கொண்டு சம்பள உயர்வையும் கண்டனத்தையும் தீர்மானிக்கத் தொடங்கினால், டெஸ்டர் பழுதைப் பதிவுசெய்யாமல் டெவலப்பரின் காதோடு சொல்லித் திருத்தச் செய்வார். போர்டில் எல்லாம் சுமுகமாக ஓடும். இடுக்கு மட்டும் அங்கேயே இருக்கும். அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இராது என்ற கருத்து, 1975-ல் சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நாணயக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. பணியிடத்தில் பயம் இருக்கலாகாது என்று தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார். அவர் பெயரால் ஜப்பான் வழங்கும் பரிசை 1998-ல் பெற்ற சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் தொழிற்சாலை நம் சென்னையின் பாடியில்தான் இருந்தது. ஆகவே இந்த உபதேசம் நம் ஊருக்கு அந்நியமானதன்று.

இடுக்கைக் கண்டபின் செய்ய வேண்டியதில் முதல் ஆசை ஆள் சேர்ப்பதாகவே இருக்கும். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-ல் எழுதியதை அநேகமாக எல்லோரும் அறிந்திருந்தும் இந்த ஆசை போகவில்லை. அதற்கு முன், குறுகிய கட்டத்தில் அமர்ந்திருப்பவரிடமிருந்து அங்கே அவசியமில்லாத வேலைகளை எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பதே முறை. ஹைதராபாத்தில் மதிப்பீடு செய்யும் வேலை எடுத்துவிடப்பட்டது. ஏற்றுமதியாளரே தம் ஆலையில் பெட்டியை மூடி மின்னணு முத்திரையிடும் முறையைச் சுங்கத் துறை 2017-ல் கொண்டுவந்தபோது, ஆலையில் அதிகாரிக்காகப் பெட்டி காத்திருந்த ஒரு கட்டமே இல்லாமற்போயிற்று.

ஓரிடத்தைத் தளர்த்தினால் அடுத்த இடம் இறுகும் என்பதை இந்தக் கடற்கரை நன்றாகவே அறியும். துறைமுகச் சுவர் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரீனா அகன்றது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டு, மீனவர் வீடுகளைக் காக்கக் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை அமைக்க 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012-ல் வேலை நின்று, 2022-ல் இரண்டடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டு இப்போது கட்டப்பட்டுவருகிறது. அது திறக்கப்படும் நாளில் டிரெய்லர்கள் கேட்டை நோக்கி இப்போதைக் காட்டிலும் வேகமாக வந்து சேரும். அப்போது கேட் தாங்குமா, யார்டு தாங்குமா, ஆவணப் பரிசோதனை தாங்குமா என்பதை அறிய, இக்கட்டங்கள் ஒவ்வொன்றிலும் இன்று ஆகும் நேரத்தைச் சாலை திறக்குமுன்பே, வரிசையின் வாலில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து தொடங்கிப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். டெஸ்டிங்கை இயந்திரமயமாக்க முனைந்திருக்கும் மென்பொருள் அணிக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். டெஸ்டிங் ஒரு மணியில் முடியத் தொடங்கினால் வெளியிட அனுமதி தருபவரிடம் எவ்வளவு வேலை வந்து குவியும் என்பதை, அவரிடம் இப்போது ஒரு டிக்கெட் தங்கும் காலத்தை அறிந்த அணி மட்டுமே முன்கூட்டிக் கணக்கிட இயலும்.